முப்பத்தேழாவது கல்

ஊசிப்பாறைப்பட்டியில் விழுந்தவர்கள் திரும்பி வரத் தொடங்கியது ஆனி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முதலில் விழுந்தவள் ஆடு மேய்க்கும் ராக்காயி. ஊருக்கு மேற்கே மூடிக் கிடந்த கிரானைட் குவாரியில், கீழிருந்து எண்ணினால் மூன்றாவது படித்தட்டில், விளிம்பில் முளைத்திருந்த தழைக்கு எட்டிய வெள்ளாட்டைப் பிடிக்கக் கை நீட்டியவள் ஆட்டோடு சேர்ந்து சரிந்தாள். சரிந்தவள், அடிப்பள்ளத்துக் கல்லைத் தொட ஒரு சாண் இருக்கும்போது, கை நீட்டுவதற்கு முன் எந்த இடத்தில் இரண்டு காலையும் ஊன்றி நின்றிருந்தாளோ அதே இடத்தில் மறுபடி நின்றுகொண்டிருந்தாள். ஆடு வரவில்லை. அழுதுகொண்டே ஊருக்குள் வந்தவள் "சினையாடு, போயிருச்சே" என்று மட்டும்தான் சொன்னாள். நீ எப்படித் தப்பித்தாய் என்று யாரோ கேட்ட பிறகுதான் தான் விழுந்ததையும் திரும்பி வந்ததையும் சொன்னாள். கேட்டவர்கள் ஆட்டுக்காக வருத்தப்பட்டுவிட்டுக் கலைந்து போனார்கள்.

அதே வாரத்தில் குடிபோதையில் ஒருவன் விழுந்து திரும்பி வந்தான். தேன் எடுக்கப் போனவன் கயிறு அறுந்து விழுந்து திரும்பி வந்தான். இது மெய்தானா என்று பார்க்கப் போன பஞ்சாயத்து கிளார்க், தான் விழவில்லை, கால் வழுக்கியது என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை திரும்பி வந்தார். ஆடி பிறப்பதற்குள் ஊருக்கு இதன் சட்டதிட்டம் எல்லாம் தெரிந்துபோயிற்று. மனுசர் மட்டும்தான் வருவார்கள், ஆடு மாடு வராது. உடுத்திய துணி வரும், கையை விட்டு நழுவிய செல்போன் வராது. கடைசியாக இரண்டு பாதமும் பதித்து நின்ற இடம் எதுவோ அங்கேதான் வர முடியும். குவாரிக்குள் மட்டும்தான் இது; வீட்டு மாடியிலிருந்து சோதித்துப் பார்த்த ஒருவன் இடுப்பு ஒடிந்து கிடந்தான்.

கிழக்கு விளிம்பில் பூசாரி ஒரு கல்லுக்குக் குங்குமம் வைத்தார். டீக்கடை வந்தது, வடைச்சட்டி வந்தது, மினிபஸ் கண்டக்டர் "குவாரி எறங்கு" என்று புதிதாக ஒரு நிறுத்தத்தைக் கூவினார். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் பயம் தெளிய ஒரு முறை விழுந்துவிட்டுப் போனார்கள், தாலி கட்டிய கையோடு புதுமணத் தம்பதிகள் கைகோத்து விழுந்து சேர்ந்து எழுந்தார்கள், தீராத தலைவலிக்காரர்கள் செவ்வாய் வெள்ளியில் வந்தார்கள். சிவகங்கைப் பக்கமிருந்து ஒருவர் சாவதற்காகவே வந்தார். ஒரு காலைப்பொழுதில் ஏழு முறை குதித்து ஏழு முறையும் விளிம்பில் நின்றார், பிறகு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். இரண்டு நாள் அங்கேயே இருந்தார். மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார்; எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது.

அழகு என்று எல்லாரும் கூப்பிடும் அழகுமீனாள் அப்போது ஊரில்தான் இருந்தாள். முப்பது வயது. சென்னையில் வீடியோ கேம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை, ஊரிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்வது. ஒரு குட்டி உருவம் ஆகாயத்தில் மிதக்கும் தீவுகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போகும் விளையாட்டு அது. எந்தத் தீவு எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று அமைப்பது அவள் பொறுப்பு. ஒரு வருஷமாக அமைத்துக்கொண்டிருந்தாள். விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் எழுதி அனுப்பினார்கள்: சலிப்பா இருக்கு. அவள் வழிநெடுகப் பொன்வளையங்களைத் தொங்கவிட்டாள், பொறுக்கச் சொன்னாள். இன்னும் சலிப்பாக இருக்கிறது என்றார்கள். நட்சத்திரம் வைத்தாள், புதையல் வைத்தாள், விழுந்தால் விழுந்த இடத்திலேயே தூக்கி நிறுத்தினாள். பொறுக்கப் பொறுக்க வாசல் கூட்டுகிற வேலை போல இருக்கிறது என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

குவாரியை அழகு ஒன்பது வருஷமாக எட்டிப் பார்த்ததில்லை. அவள் அப்பா அங்கே பாறையில் துளை போடும் கம்ப்ரசர் ஓட்டியவர். ஐந்தாவது தட்டிலிருந்து விழுந்தார்; அந்தக் காலத்தில் யாரும் திரும்பி வரவில்லை. ராக்காயி சேதி பரவிய அன்று அழகுவின் அம்மா எப்போதும்போல் அடுப்படிக்குப் போனாள். உலை வைத்தாள், அரிசி களைந்தாள், களைந்த தண்ணீரை மாட்டுக்கு ஊற்றினாள். பத்து நாள் கழித்து ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய், ஐந்தாவது தட்டில் அவர் நின்ற இடத்தை விசாரித்து நின்று, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு விழுந்தாள். திரும்பி வந்து, வீட்டுக்கு வந்து, குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே சொன்னாள்:

"ரொம்ப நேரமில்லடி. ஒரு மூச்சுதான். பயந்துருக்க மாட்டாக."

பிறகு, கரைத்த கையைப் புளித்தண்ணீரிலேயே வைத்தபடி, "ஒம்போது வருஷம் முந்தி வந்தா என்னவாம் இதுக்கு" என்றாள்.

அதற்கு மறுநாள்தான் அழகு குவாரிக்குப் போனாள். தங்கை சுகந்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பத்தொன்பது வயசு, நர்சிங் படிப்பவள், அதற்குள் நாற்பது முறை விழுந்தவள். அங்கே பாதி ஊர் குதித்துக்கொண்டிருந்தது. வெட்டி எடுக்காமல் விட்ட கற்கள், பாதி அறுத்த பாளங்கள், சுவரில் துருத்திய முனைகள் என்று பள்ளம் முழுக்கத் தாவுவதற்கென்றே செதுக்கி வைத்ததுபோல் கிடந்தது. பேத்தி எடுத்த பெண்கள் கண்டாங்கிச் சேலையைத் தார்பாய்ச்சிக்கொண்டு தாவினார்கள். தபால்காரர் பையை இறக்கி வைத்துவிட்டுத் தாவினார். கல்லிலிருந்து கால் பிரிந்து அடுத்த கல்லில் பதிவதற்குள் இருக்கும் அந்த அரை நொடியில் எல்லார் முகமும் ஒரே முகமாக இருந்ததை அழகு பார்த்தாள். எத்தனை வளையம் தொங்கவிட்டும் அவளுடைய விளையாட்டில் வராத முகம் அது.

எல்லாரிலும் அதிகமாக விழுந்தவர் போஸ். நாற்பத்தொரு வயசு, ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், தொந்தியும் தடித்த தொடையுமாக ஆள் கனம். ஏணியில் ஏறினாலே தலை சுற்றும் என்பதால் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கீழே நின்று வாளி பிடிப்பவர். அவர்தான் இரண்டு சவாரிக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு வந்து, மூன்றடி இடைவெளியைத் தாண்ட முடியாமல் விழுந்து, விளிம்பில் நின்று, மறுபடி விழுந்து, மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் தாண்டினார். தாண்டிய கல்லில் நின்று இரண்டு கையையும் விரித்து ஊரைப் பார்த்தார். ஊர் கை தட்டியது.

ஆனால் புரட்டாசி பிறந்தபோது கூட்டம் குறைந்துவிட்டது. பல் விளக்குவதைப் போல் ஆகிவிட்டது விழுவது. கண்ணைக் கட்டிக்கொண்டு தாவிப் பார்த்தார்கள், தலையில் குடத்தோடு தாவிப் பார்த்தார்கள், பின்பக்கமாகத் தாவிப் பார்த்தார்கள். எந்தக் கல்லிலிருந்து விழுந்தாலும் அதே கல்லில் எழுந்து மறுபடி தாவலாம் என்று ஆன பிறகு, தாவினாலும் ஒன்றுதான், விழுந்தாலும் ஒன்றுதான் என்று ஆகிப்போயிற்று. வடைச்சட்டிக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்குள் போனார்.

ஒரு நாள் போஸ் ஆட்டோவை அழகு வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்காமலேயே கேட்டார்.

"ஏத்தா, நீ இந்தத் தாவுற வெளையாட்டுதான் செய்யுறியாமே. எனக்கு ஒண்ணு சொல்லு. முன்னல்லாம் கால எடுத்தா வயித்துக்குள்ள ஒண்ணு பொரளும். இப்ப பொரள மாட்டேங்குது. என்ன செய்ய?"

"எங்க வெளையாட்டுலயும் அதுதாண்ணே வியாதி" என்றாள் அழகு. "விழுந்தா ஒண்ணும் போறதில்ல. போறதுக்கு எதாவது இருந்தாத்தான் பொரளும்."

"என்னத்தப் போகவிட? உசுரு போகாதுங்குறதுக்குத்தான வாறோம்."

"உசுரு வேணாம்ணே. பட்ட பாடு போனாப் போதும்."

அன்று சாயங்காலமே சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக அழகு குவாரிக்குப் போனாள். கூடவே பால்பாண்டியை அழைத்துக்கொண்டாள். அவள் அப்பாவோடு வேலை பார்த்தவர், ஐம்பத்தைந்து வயசிலும் உளி பிடித்தால் கல் சொன்னபடி கேட்கும். கிழக்கு விளிம்பில் தொடங்கி வடக்குச் சுவர் முழுக்க வளைந்து மேற்கு விளிம்பில் முடியும் ஒரு வழியை அவள் கண்ணால் போட்டாள். நாற்பத்தொரு கல். ஒவ்வொன்றிலும் ஒரு பாதத்துக்கு மேல் வைக்க இடம் இருக்கக் கூடாது. இருந்தால் பால்பாண்டி கொத்தி எடுத்தார். ஒற்றைக் காலில், சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு காலும் ஊன்ற முடியாது. அதனால் எந்தக் கல்லில் தவறினாலும் தொடங்கிய இடத்துக்கே, கிழக்கு விளிம்புக்கே வந்து நிற்க வேண்டும். வழியில் இரண்டு இடத்தில், இருபத்துநாலாவது கல்லுக்குப் பக்கத்திலும் முப்பத்துமூன்றாவதற்குப் பக்கத்திலும், சுவரில் ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்து இருந்தது. அவற்றை ஜல்லியும் சிமெண்டும் குழைத்து அடைக்கச் சொன்னாள்.

"இது ரெண்டையும் விட்டு வையேன்" என்றார் பால்பாண்டி. "மனுசன் சித்த ஒக்காரட்டும்."

"ஒக்காந்தா அங்கருந்துதான் மாமா மறுபடி ஆரம்பிப்பாக. அப்பறம் பழையபடி ஆயிரும்."

அவர் அடைத்தார்.

அந்த வழியை அவள் செய்தது போல் வாழ்க்கையில் வேறெதையும் செய்ததில்லை. எந்தக் கல்லும் திருப்பத்துக்குப் பின்னால் மறைந்திருக்கக் கூடாது, தாவுவதற்கு முன் கால் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஏமாந்து விழுந்தவனுக்குக் கோபம் வரும், தெரிந்து விழுந்தவனுக்குத்தான் மறுபடி போகத் தோன்றும் என்று பால்பாண்டியிடம் சொல்லிச் சொல்லி அளந்தாள். மூன்று தாவல் லேசாக விட்டு நாலாவதை நீட்டினாள். உச்சிப்பொழுதில்தான் தாவ வேண்டும் என்றாள். அப்போதுதான் அவரவர் நிழல் அவரவர் காலுக்கு நேர்க்கீழே விழும், எந்தக் கல்லின் மேல் இருக்கிறோம் என்பது அந்தரத்திலேயே தெரியும். மேற்கு விளிம்பில் ஒரு வெற்றிக்கோப்பையை வைக்கலாம் என்றார் பஞ்சாயத்துத் தலைவர். அழகு ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே போனவனுக்கு அங்கே போனது போதும் என்றாள்.

ஊர் திரும்பி வந்தது. ஐந்தாவது கல்லில் விழுந்தவன் சிரித்துக்கொண்டு எழுந்தான், இருபதாவதில் விழுந்தவன் திட்டிக்கொண்டு எழுந்தான், முப்பதுக்கு மேல் போய் விழுந்தவர்கள் கிழக்கு விளிம்பில் நின்று பச்சைப்பிள்ளை போல் அழுதார்கள்; அழுது முடித்து முதல் கல்லைப் பார்த்தார்கள். சோறு உண்ணும்போது விரல்கள் தட்டில் தாவிப் பார்த்தன. பேசாதிருந்த பங்காளிகள், பன்னிரண்டாவது கல்லுக்கு வலது காலா இடது காலா என்று பேச்சைத் தொடங்கினார்கள். அழகு தன் கம்பெனி விளையாட்டில் வளையம் அனைத்தையும் கழற்றி எறிந்துவிட்டு வெறும் தீவுகளையும் வெறும் ஆகாயத்தையும் அனுப்பி வைத்தாள். விளையாடிப் பார்த்தவர்கள், விடிந்தது தெரியவில்லை என்று எழுதினார்கள். அவளுக்கு அந்த நாட்களில் அப்பா செத்த இடம் என்ற நினைப்பே குவாரியின்மேல் வரவில்லை. அதை ஒரு சமயம் அவளே கவனித்து, வெட்கப்பட்டு, பிறகு மறந்தும் போனாள்.

போஸ் முப்பத்தாறு கல் போனார். முப்பத்தேழில் விழுந்தார். ஐப்பசி முழுக்க முப்பத்தேழில் விழுந்தார். அது நீண்ட தாவல், பெரிய உடம்பைக் கொஞ்சம் முன்னாலேயே தூக்கி எறிய வேண்டும், அவர் கடைசி நொடியில் யோசித்துவிடுவார். விழும்போது அவர் அலறுவதில்லை, சிரிப்பார். பள்ளத்துக்குள் இறங்கி இறங்கிப் போகும் அந்தச் சிரிப்பு சட்டென்று அறுந்து, அதே சிரிப்பின் மிச்சம் கிழக்கு விளிம்பில் கேட்கும். ஊர் அதற்காகவே காத்திருக்கும். "வந்தாச்சுடா முப்பத்தேழு" என்பார்கள்.

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை, வெயில் உச்சிக்கு வந்ததும், மூன்று பேர் வழியில் இருந்தார்கள். முன்னால் போஸ், முப்பத்தாறில். அவருக்குப் பின்னால் பால்பாண்டி, முப்பதில். அவருக்கும் பின்னால் சுகந்தி, இருபத்திரண்டில். விளிம்பில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அழகு வடக்குச் சுவர் முழுதும் தெரியும் ஒரு பாளத்தின் மேல், அவர்களைவிட்டுத் தள்ளி, வழக்கம்போல் நின்றிருந்தாள்.

போஸ் தாவினார். இந்தமுறை யோசிக்கவில்லை. பாதம் கல்லில் பட்டது. பட்டு, வழுக்கியது. சிரித்துக்கொண்டே இறங்கினார்.

எல்லாரும் கிழக்கு விளிம்புப் பக்கம் தலையைத் திருப்பினார்கள். கீழே ஒரு சத்தம் கேட்டது. கல் எதுவோ உருண்டிருக்கிறது என்று நினைத்தார்கள். இந்த ஐந்து மாதத்தில் யாரும் கேட்காத சத்தம் அது, யாரும் அடிவரை போனதே இல்லையே. அழகு மட்டும் பள்ளத்தின் பக்கம் திரும்பினாள்.

கிழக்கு விளிம்பில் போஸ் வந்து நிற்கும் இடம் காலியாக இருந்தது.

"வருவாரு, வருவாரு" என்றார் பஞ்சாயத்து கிளார்க். "ஆள் கனமாச்சே, சித்த நேரமாகுது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அழகு பாளத்தின் நுனிக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். வடக்குச் சுவரடியில், கல் குவியலின்மேல், காக்கிச்சட்டை கிடந்தது. அதில் ஒரு கை மெல்ல மடங்கி நீண்டதுபோல் இருந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"நின்னு போச்சு!" என்று கத்தினாள். "யாரும் அசையாதீங்க! சுகந்தி, அசையாத! மாமா, சுவரப் பிடிச்சுக்கங்க! இனி விழுந்தா வர மாட்டீங்க!" பிறகு விளிம்பைப் பார்த்து, "போஸண்ணன் கீழ கெடக்காரு. யாராச்சும் எறங்கிப் போங்க. லாரிப் பாதையில போங்க."

அவர்கள் அவளைப் பார்த்தார்கள். பிறகு குங்குமக் கல்லுக்குப் பக்கத்தில் போஸ் எப்போதும் வந்து நிற்கும் இடத்தைப் பார்த்தார்கள். அந்த இடத்தை யாரும் மிதித்துவிடக் கூடாது என்பதுபோல் சிலர் நகர்ந்து வழி விட்டார்கள்.

"இப்ப வந்துருவாருத்தா" என்றாள் ராக்காயி, சமாதானம் சொல்லும் குரலில். "நானே வரலையா."

இன்னொரு முறை கத்த அழகுவுக்கு மூச்சு இருந்தது, நேரம் இல்லை. சுகந்தியின் ஊன்றிய கால் நடுங்கத் தொடங்கியிருந்தது. ஒற்றைக் காலில் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பது அளந்து அமைத்த அவளுக்குத் தெரியும். அவ்வளவு நேரத்துக்குள் அடுத்த கல்லுக்குப் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அமைத்திருந்தாள். நிற்க ஓர் இடம் விடாதது அவள்தான்.

"சுகந்தி, கீழ பாக்காத, என்னயப் பாரு. இருபத்திநாலாவது கல்லுல அடச்ச பொந்து இருக்கு. ரெண்டே தாவல். நீ எத்தன வாட்டி போயிருக்க?"

"வர மாட்டேனாக்கா?" சுகந்தியின் குரல் சுவரில் மோதிச் சின்னதாக வந்தது. "விழுந்தா வர மாட்டேனா?"

"மாட்ட. அதனால விழாத. இடது காலு. நெழலப் பாத்துத் தாவு. நெழலு கல்லு மேல இருந்தா நீயும் கல்லு மேல இருக்க."

சுகந்தி தாவினாள். நூறு முறை ஓடி விளையாடிய இருபத்துமூன்றாவது கல் அவளுக்கு இப்போது முன்னைப் போல் இல்லை. கால் பட்ட பிறகும் பட்டதை நம்பாமல் விரல்களால் பாறையைப் பிறாண்டினாள், நகத்திலிருந்து ரத்தம் வந்தது. மறுபடி தாவினாள். இருபத்துநாலில் நின்று, அழகு சொல்லச் சொல்ல, குதிகாலால் சிமெண்டை உதைத்தாள். அடைப்பு இறுகியிருந்தது. பால்பாண்டி நன்றாகத்தான் அடைத்திருந்தார். பதினைந்து உதை, இருபது உதை. அதன் பிறகு ஒரு துண்டு பெயர்ந்து பள்ளத்தில் போனது, பிறகு இன்னொன்று, பிறகு மொத்தமாக. சுகந்தி பொந்துக்குள் முதுகைத் திணித்து உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

பால்பாண்டிக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுகந்தி உதைத்துக்கொண்டிருந்தபோதே அவர் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று, வாலிபத்தில் சம்மட்டியோடு தட்டுகளில் நடந்த அதே நிதானத்தோடு, தாவித் தாவி முப்பத்துமூன்றுக்குப் போயிருந்தார். இடுப்பு வேட்டியில் எப்போதும் செருகியிருக்கும் உளியை எடுத்து, தான் அடைத்ததைத் தானே கொத்தினார். உட்கார்ந்ததும் கீழே எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, விளிம்பைப் பார்த்துத் தன் பலம் முழுவதையும் கூட்டிக் குரல் கொடுத்தார்.

"அடேய், உசுரு இருக்குடா! கை அசையுதுடா! எறங்குங்கடா!"

அவர்கள் எழுந்து நின்றார்கள். நின்றார்கள், அவ்வளவுதான். தலை பள்ளத்துக்கும் விளிம்புக்கும் போய்ப் போய் வந்தது. வந்துவிடுவார், இப்போது வந்துவிடுவார், நாம் கீழே இறங்கிப் போன நேரம் பார்த்து இங்கே வந்து தனியாக நின்றால் என்ன செய்வது என்று அவர்கள் மெய்யாகவே நினைத்தார்கள். கெட்ட மனசு யாருக்கும் இல்லை. ஐந்து மாதமாக ஒரு தடவைகூடப் பொய்க்காத ஒன்றை விட்டுவிட்டு எழுந்து போக அவர்கள் காலுக்குத் தெரியவில்லை.

கடைசியில் அழகுதான் ஓடினாள். பாளத்திலிருந்து இறங்கி, ஊரைச் சுற்றி, வேலிக்கருவை மூடிப்போன லாரிப் பாதையில், சேர்ந்து ஓடிவந்த தபால்காரரோடு முள்ளை ஒதுக்கி ஒதுக்கி அடிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரமாயிற்று. போஸ் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. உடம்பு சுட்டது. ஆனால் மூச்சு இல்லை. கல் குவியலில் அவர் வலது கை எட்டிய தூரத்துக்கு, அரைவட்டமாக, சின்னக் கற்களெல்லாம் தள்ளி ஒதுக்கப்பட்டிருந்தன.

அரை மணி நேரத்துக்கு மேல் உயிர் இருந்திருக்கும் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் கிழக்கு விளிம்பு நன்றாகத் தெரியும் என்பதை அழகு அங்கே நின்றபோது பார்த்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சுகந்தியையும் பால்பாண்டியையும் தீயணைப்பு வண்டிக்காரர்கள் கயிறு கட்டி இறக்கினார்கள். போலீஸ் வந்து சுற்றிலும் நாடா கட்டியது. நாடாவுக்கு வெளியே பதினாறு நாளும் ஊர் முறைவைத்துக் கிழக்கு விளிம்பில் காவல் இருந்தது. உடம்பை எரித்துச் சாம்பல் கரைத்த பிறகும் இருந்தது. யார் வந்தாலும் நிற்பதற்கு இடம் வேண்டுமே என்று கூட்டிப் பெருக்கி வைத்தார்கள். பதினேழாம் நாள் முறைக்காரர் வரவில்லை. அடுத்தவரும் வரவில்லை. அத்தோடு நின்றது. அழகுவை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை; அவள் தெருவில் வந்தால் பேச்சை நிறுத்தி, அவள் கடந்ததும் தொடர்ந்தார்கள். சுகந்தி படிப்புக்குத் திரும்பிப் போனாள், மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அம்மா மட்டும் ஒரு நாள் கேட்டாள்: "அந்தப் பொந்த எதுக்குடி அடச்ச?" அழகு சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டாள்.

மார்கழியில் ஒரு காலைநேரம் போஸின் மனைவி பூமயில் வந்தாள். தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவள். குவாரிப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை, வர நேரமிருந்ததில்லை. வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்க மதினி."

"இல்லத்தா. ஒண்ணு கேக்கணும்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "அந்த மனுசன் வீட்டுல ஒரு வார்த்த பேசாது. தலையில வெந்நி ஊத்துனாக்கூட ஏன்னு கேக்காது. அங்க சிரிக்குமாமே. எல்லாரும் சொல்றாக. மெய்யா?"

"மெய்தான் மதினி."

"அவ்வளவு நல்லாவா இருக்கும் அது?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அழகுவால் முடியவில்லை.

"நல்லாத்தான் இருக்கும்."

"எனக்குக் காட்டு."

இரண்டு பேரும் நடந்தார்கள். நாடா அறுந்து முள்ளில் ஆடிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு அடையாளம் பனியில் பாதி கரைந்திருந்தது. முதல் கல் விளிம்பை ஒட்டியே இருந்தது. நடுவில் மழைத்தண்ணீர் ஓடும் முழங்காலளவு வாய்க்கால், அவ்வளவுதான். பழக்கத்துக்காக அழகு அதை அப்படி வைத்திருந்தாள். விழுந்தால் சேறாகும். இரண்டாவது கல்லிலிருந்துதான் பள்ளம்.

"இங்கேருந்து அந்தக் கல்லுக்கு. ஒரு காலு மட்டும். என் கையப் பிடிச்சுக்கங்க."

"கையெல்லாம் வேணாம்."

பூமயில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். இரண்டடி பின்னால் போனாள், நின்றாள், மறுபடி ஓரடி பின்னால் போனாள். அழகு அவள் முகத்தைப் பார்த்தாள். போகலாமா வேண்டாமா என்று அவள் உடம்பு அளந்துகொண்டிருந்தது. பிறகு ஓடிவந்து தாவினாள். அந்தரத்தில் அரை நொடி. கால் கல்லில் பதிந்தது, ஆடியது, நின்றது.

அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புத்தான் அது. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்ப்பவள்போல் இரண்டு பக்கமும் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எரித்த அன்றுகூட அவள் அழவில்லை என்று ஊரில் பேசியிருந்தார்கள்.

"பாவி மனுசன்" என்றாள், கைக்குள்ளேயே. "ஒரு நாளாச்சும் வாடின்னு கூப்புட்டுச்சா."

"வாங்க மதினி. போதும்."

பூமயில் திரும்பவில்லை. ஒற்றைக் காலில், சுவரில் உள்ளங்கையை வைத்து, இரண்டாவது கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழகு வாய்க்காலுக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்றபடி, அவள் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.